வீட்டில் டெமோ பதிவு: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

கேள்வி இதுதான். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவர், சொந்தமாகப் போட்ட மெட்டுகளை வீட்டிலேயே டெமோவாகப் பதிவுசெய்ய நினைக்கிறார். லேப்டாப் இருக்கிறது, வேறெதுவும் இல்லை, பணமும் அதிகமில்லை. நல்ல கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால் இயங்கி, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) ஒன்றும் ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. அதைவிட, அந்த இரண்டும் இப்போதைக்குத் தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியது இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), ஒரு டைனமிக் மைக் (மின்சாரம் தேவைப்படாத, மேடைப் பாடகர்கள் பிடிக்கும் வகை), காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன், கனமான ஸ்டாண்ட், ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்கை இன்டர்ஃபேஸில் மாட்டும் மூன்று முள் கேபிள்), ஒரு பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை). கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால் நான்கு இன்டர்ஃபேஸுக்கு, இரண்டரை மைக்குக்கு, இரண்டு ஹெட்ஃபோனுக்கு, மீதி ஒன்றரை ஸ்டாண்டு, கேபிள் வகையறாவுக்கு. பெரும்பாலானவர்கள் ஆறு பங்கை மைக்கில் போட்டுவிட்டு, ஆடுகிற ஸ்டாண்டில் அதை மாட்டிவைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

டெமோ என்பது பாட்டை எடைபோடுவதற்கு. வரிகள் தெளிவாகக் கேட்க வேண்டும், மெட்டும் தாளமும் கார்டுகளும் புரிய வேண்டும், கேட்பவர் இரைச்சலைக் கவனிக்கக் கூடாது. அவ்வளவுதான் தேவை. அதனால் ஒவ்வொரு சாமானையும் இப்படிச் சோதியுங்கள்: மெட்டு மனதில் வந்ததும் இரண்டு நிமிடத்துக்குள் பதிவைத் தொடங்க இது உதவுமா, தடுக்குமா? தடுத்தால் எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் போகும்.

எந்த மைக் என்பதை உங்கள் அறை முடிவுசெய்கிறது என்பதால் அறையிலிருந்தே தொடங்குவோம். வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் இறங்கும். ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். 60 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அறைக்கு எதிராகக் குரலுக்கு 12 டெசிபல் லாபம். ஒரு செலவும் இல்லாமல் கிடைக்கும் இந்த 12 டெசிபலை எந்த விலையுயர்ந்த மைக்கும் தராது. குளியலறையில் பாடிய மாதிரி இருக்கும் டெமோக்களில் பெரும்பாலானவற்றுக்கு மைக் தூரமே காரணம்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தகரத்தைத் தட்டியதுபோல் ஒரு நடுங்கும் ஒலி தொடர்ந்தால், எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். துணி அலமாரி, மெத்தை, திரைச்சீலை, புத்தக அடுக்கு என்று சாமான் அடைந்த படுக்கையறை இதற்கு நல்ல இடம். காலியான ஹாலும் கண்ணாடி அதிகமுள்ள அறையும் வேண்டாம்.

அறைக்குள் எங்கே உட்காருவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. இரண்டு சுவருக்கு இடையே 3 மீட்டர் இருந்தால் அங்கே 57 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸும் தங்கி முழங்கும். கிட்டாரின் ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது 110 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிட வீங்கிக் கேட்கும்; கிட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. 114 உச்சம் பெறும் இடங்கள் சுவரோரமும் நட்டநடுவும். ஒரு சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், வீக்கம் கணிசமாகக் குறையும். மூலையை மட்டும் எப்போதும் தவிருங்கள்.

எங்கே போர்வை தொங்கவிடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மைக்கின் பின்பக்கச் சுவரில் நுரைத்தகடு ஒட்டுவது வழக்கம். பாடகர் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் ஏறத்தாழச் செவிடு. முன்பக்கம் மைக் பார்ப்பது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். குரல் முன்னால் போய்ச் சுவரில் பட்டு, அறையைச் சுற்றி, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் மைக்குக்குள் நுழைகிறது. எனவே இரண்டு தடித்த ரஜாய்களை உங்கள் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். மைக்கின் செவிட்டுப் பக்கத்தை லேப்டாப் விசிறியை நோக்கித் திருப்புங்கள். சீலிங் ஃபேனை அணைத்தே ஆக வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

முட்டை அட்டை ஒட்டுவதால் ஒன்றும் நடக்காது. 2.5 சென்டிமீட்டர் நுரைத்தகடு ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் உறிஞ்சும். கீழே உள்ள முழக்கம் அப்படியே நிற்கும். அறை முழுக்க அதை ஒட்டினால் குரல் மூடிய பெட்டிக்குள் இருப்பதுபோல் மந்தமாகவும், அதேசமயம் பொம்மென்றும் கேட்கும். நிரந்தரமாக ஏதாவது செய்வதானால் 10 சென்டிமீட்டர் தடிமன் கல்கம்பளியைச் சட்டத்தில் அடைத்து, துணி போர்த்தி, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு வையுங்கள். அது பிறகு. இதில் எதுவும் வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் அது டெமோவிலும் குரைக்கும்.

இப்போது மைக். டைனமிக் மைக் அறையைக் கேட்காது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. அதே தூரத்தில், அதே கார்டியாய்டு வடிவத்தில் வைத்தால் டைனமிக்கும் கண்டென்சரும் அறையைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் பிடிக்கும். வித்தியாசம் பயன்படுத்தும் முறையில் வருகிறது. டைனமிக் மைக் வாய்க்கு நெருக்கமாக வைத்துப் பாடுவதற்கென்றே செய்யப்பட்டது, உச்ச ஒலிகளையும் சற்று மழுக்குகிறது, காற்று உதைப்பையும் தாங்குகிறது. பண்படுத்தாத அறைக்கு அதுவே வசதி.

ஷூர் எஸ்எம்58 1966இல் வந்தது, அதற்கு ஓராண்டு முன்பு எஸ்எம்57. இரண்டும் இன்றுவரை விற்பனையில் இருக்கின்றன. 58 பிடிக்கும் ஒலியின் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ், 57இன் எல்லை 40 முதல் 15,000. குரல் மட்டும் என்றால் 58. ஒரே மைக்கில் குரல், கிட்டார், ஆம்ப் எல்லாம் எடுப்பதானால் 57ஐ எடுத்து முன்னால் பாப் ஃபில்டர் வையுங்கள். குண்டு வலை இல்லாததால் கருவிக்கு நெருக்கமாகக் கொண்டுபோகலாம். இவை கட்டுப்படியாகாவிட்டால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 டெமோவுக்குத் தாராளமாகப் போதும். சென்ஹைசர் இ835 குரலுக்குக் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும்.

கண்டென்சர் எப்போது? அறை அமைதியாக இருந்து, விரலால் மெல்ல மீட்டும் கிட்டார், வயலின், புல்லாங்குழல் போன்றவைதான் உங்கள் பாட்டின் உயிர் என்றால் வாங்கலாம். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 ஆரம்பத்துக்கு ஏற்றது. அதன் சொந்த இரைச்சல் 20 டெசிபல். ரோட் என்டி1இன் இரைச்சல் 4 டெசிபல். தாளில் பார்க்க மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் இரவில் அமைதியான வீட்டு அறையே 30 டெசிபல் அளவில் இருக்கும். அறையின் இரைச்சலுக்குள் மைக்கின் இரைச்சல் மறைந்துவிடும், அந்த வித்தியாசத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கண்டென்சருக்கு ஈரம் ஆகாது. படபடவென்று பொரியும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஈரம்தான். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

பாட்காஸ்ட் படங்களில் எல்லோர் முன்னாலும் இருக்கும் ஷூர் எஸ்எம்7பி நல்ல மைக். முதல் மைக்காக வேண்டாம். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் (மைக்கின் மெல்லிய மின்னொலியைப் பெருக்கும் அளவு) வேண்டும், மலிவு இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் அது கிடையாது. பிறகு இடையில் ஒரு பூஸ்டர் வாங்க வேண்டிவரும். மைக் விலைப்பட்டியலில் தெரியாத செலவு இது.

இந்தக் கெயின் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே சத்தத்துக்கு எஸ்எம்57 கொடுக்கும் மின்னளவு ஏடி2020 கொடுப்பதைவிட ஏறத்தாழ 19 டெசிபல் குறைவு. அந்த 19ஐ இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப்தான் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) ஈடுகட்ட வேண்டும். உரக்கப் பாடும் குரலுக்கு 40 சொச்சம் டெசிபல் கெயினே போதும். மெல்ல மீட்டும் கிட்டாரை டைனமிக்கில் எடுத்தால் 60ஐத் தொடும். குமிழை முழுக்கத் திருப்பினால் கடைசிக் கட்டத்தில் சில ப்ரீஆம்புகள் சீறும். அதனால் இன்டர்ஃபேஸ் வாங்கும்போது மின்னுகிற விளம்பர வரிகளை விட்டுவிட்டு, மைக் கெயின் எவ்வளவு என்ற ஒரு எண்ணைத் தேடுங்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல், நான்காம் தலைமுறையில் 69. மோட்டு எம்2வில் 60. டைனமிக் மைக் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்கூடு.

இன்புட் எத்தனை வேண்டும் என்பதற்கு, ஒரே நேரத்தில் எத்தனை பதிவாக வேண்டும் என்று கேளுங்கள். பாட்டில் பதினைந்து டிராக் (தனித்தனியாகப் பதிவான ஒலி அடுக்கு) இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தால் ஒரு இன்புட்டே போதும். பாடியபடி வாசிப்பவருக்கு இரண்டு. முழு டிரம் செட் இல்லாதவரை எட்டு இன்புட் பெட்டி வீண். இரண்டிலும் மைக் ப்ரீஆம்ப் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில பெட்டிகளில் ஒன்று மைக்குக்கு, மற்றொன்று கிட்டார் கேபிளுக்கு மட்டும் என்று இருக்கும். பெரிங்கர் யூஎம்சி202ஹெச்டி இந்த வகையில் மலிவானது, இரண்டு மைக் ப்ரீஆம்ப், 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரம்), கிட்டாரை நேராகச் செருகும் வசதி எல்லாம் உண்டு. பெட்டியின் மேல் 192 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டு, பத்து டிராக் என்றால் சுமார் 350. 192இல் போட்டால் அது நான்கு மடங்கு, காதுக்கு லாபம் எதுவுமில்லை.

பிக்கப் (கம்பி அதிர்வை மின்னொலியாக்கும் பகுதி) உள்ள கிட்டார், வயலின் ஆகியவற்றை நேராகச் செருகுவதானால் அந்த இன்புட்டை இன்ஸ்ட்ருமென்ட் நிலைக்கு மாற்ற வேண்டும். லைன் நிலையில் விட்டால் ஒலி மங்கி, உயிரற்றுக் கேட்கும். ஒட்டவைக்கும் பீசோ பிக்கப்புகளுக்கு இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்கூட சிலசமயம் போதாது, அடிச்சுரம் மெலிந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு சின்ன ப்ரீஆம்ப் இருந்தால் நல்லது. ஆனால் வீட்டில் அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பிக்கப்பைவிட மைக்கே மேல்.

லேட்டன்சிதான் வீட்டுப் பதிவில் ஆளைக் கைவிட வைக்கும் காரணம். பாடிய குரல் கம்ப்யூட்டருக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்ப எடுக்கும் நேரம் அது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கை) 128 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. போக, வர, டிரைவரின் சொந்தத் தாமதம் எல்லாம் சேர்ந்து 10 மில்லிசெகண்டைத் தாண்டியதும் பாடகருக்கு உறுத்தத் தொடங்கும், 20ஐத் தாண்டினால் தாளம் தடுமாறும். இதற்கு எளிய மருந்து, இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன். அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள்; மறந்தால் ஒரே குரல் இரண்டாகக் கேட்டு, லேட்டன்சி இன்னும் மோசமாகிவிட்டதாகத் தோன்றும்.

டைரக்ட் மானிட்டர் ஸ்டீரியோ நிலையில் இருந்தால் முதல் இன்புட் இடது காதிலும் இரண்டாவது வலது காதிலும் மட்டும் கேட்கும். ஹெட்ஃபோன் பழுது என்று பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மோனோவுக்கு மாற்றினால் சரி. அதேபோல் மென்பொருளில் டிராக்கின் இன்புட்டை "ஸ்டீரியோ 1-2" என்று வைத்துப் பாடினால் குரல் ஒரு பக்கமாகவே பதிவாகும். "மோனோ 1" என்று வையுங்கள்.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்தவரின் சொந்த ஆசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) போடுங்கள். ஆசியோ4ஆல் என்பது விண்டோஸின் வழக்கமான டிரைவரின் மேல் போர்த்திய உறை. வேறு வழியில்லாதபோது உதவும், உண்மையான ஆசியோ டிரைவர் இருந்தால் தேவையில்லை. மேக்கில் கோர் ஆடியோ தானாகவே பார்த்துக்கொள்ளும். பதிவின்போது பஃபர் 128, மிக்ஸ் செய்யும்போது (டிராக்குகளைச் சமன்செய்து சேர்க்கும்போது) 1024. பதிவில் டிக், டிக் என்று வெடித்தால் பஃபரை 256 ஆக்குங்கள், வைஃபையை அணையுங்கள், பவர் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் இருந்தால் இந்த வேலைக்குப் போதும். 16 இருந்தால் நிம்மதி.

ஹெட்ஃபோனில் மூன்று விஷயம் பாருங்கள். மூடிய வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெட்ரோனோம் கிளிக் கசிந்து மைக்கில் ஏறும். மெல்லிய பாட்டின் முடிவில், கிட்டார் அடங்கும் இடத்தில் அது துல்லியமாகக் கேட்கும், எடுக்கவே முடியாது. வயர் வேண்டும், புளூடூத்தின் தாமதம் சாதாரணமாக 100 மில்லிசெகண்டைத் தாண்டும். மின்தடை 32 முதல் 80 ஓம் வரை இருக்கட்டும். யூஎஸ்பியில் ஓடும் சின்னப் பெட்டிகள் 250 ஓம் ஹெட்ஃபோனைச் சத்தமாக ஓட்டத் திணறும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்40எக்ஸ், பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் வகை, மூன்றுமே நம்பி வாங்கலாம். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியையும் அறையில் ஒலிக்கவிடாமல் ஹெட்ஃபோனுக்குள் கொண்டுவாருங்கள். மைக்கில் ஏறிய சுருதியைப் பிற்பாடு அளவு கூட்டிக் குறைக்க வழியில்லை.

ஸ்பீக்கர் ஏன் வேண்டாம் என்றால், பண்படுத்தாத சின்ன அறையில் 5 அங்குல ஸ்பீக்கர் வைத்து மிக்ஸ் செய்தால் மேலே சொன்ன அறை முழக்கத்தைத்தான் கேட்டுத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்து, போனின் ஸ்பீக்கரிலும் இயர்போனிலும் ஒருமுறை கேட்டால் டெமோவுக்குப் போதும்.

ஸ்டாண்டில் சிக்கனம் வேண்டாம். பூம் கை உள்ள, அடி கனமான மூன்றுகால் ஸ்டாண்டு வாங்குங்கள். மேசையில் கவ்வும் கை, மேசை அதிர்வை மைக்குக்குக் கடத்தும்; காலால் தாளம் போடும் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு அடியும் பதிவில் "தும்" என்று விழும். எக்ஸ்எல்ஆர் கேபிள் 3 முதல் 5 மீட்டர் வரை. இரு முனையும் எக்ஸ்எல்ஆராக இருக்கட்டும். ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை கிட்டார் ஜாக் என்று விற்பதை வாங்கி இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் செருகினால் போதிய கெயின் கிடைக்காது, ஃபாண்டம் பவரும் வராது.

மைக், நுரை, கவ்வும் கை, பாப் ஃபில்டர், சின்ன சவுண்ட் கார்டு எல்லாம் ஒரே பெட்டியில் மலிவாக வரும் "ஸ்டுடியோ கிட்"களை விட்டுவிடுங்கள். அவற்றிலுள்ள கண்டென்சர்களைச் சன்ன ஜாக் வழியாக லேப்டாப்பில் செருகச் சொல்வார்கள். அந்த ஓட்டை தரும் மின்னழுத்தம் சில வோல்ட்தான், 48 அல்ல. மைக் வேலைசெய்யும், மெல்லிய குரலோடும் மழைபோன்ற இரைச்சலோடும்.

இன்டர்ஃபேஸ் வாங்கவே பணமில்லை என்றால் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள டைனமிக் மைக் நல்ல வழி. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டிலும் மைக்கிலேயே ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறது, தாமதமில்லாமல் கேட்கலாம். பிறகு இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆரில் மாட்டிக்கொள்ளலாம். யூஎஸ்பி மட்டுமே உள்ள மைக் அப்படி வளராது; இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே நேரத்தில் ஓட்டுவதும் தலைவலி. இன்னொரு வழி, டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், ஜூம் ஹெச்1என் போன்ற கையடக்க ரெக்கார்டர். கம்ப்யூட்டரே இல்லாமல் மெட்டைப் பிடித்துவைக்கலாம், யூஎஸ்பியில் மாட்டினால் மைக்காகவும் ஓடும். மேலே ஒவ்வொன்றாக அடுக்கிப் பதிவுசெய்யும் எண்ணமிருந்தால் இன்டர்ஃபேஸ் வழிதான் வசதி.

மென்பொருளுக்குப் பணம் போட வேண்டாம். மேக், ஐபோன் வைத்திருப்பவருக்குக் கராஜ்பேண்ட் இலவசம், தாளக் கருவிகளோடு வருகிறது. மற்றவர்களுக்கு ரீப்பர், 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம், பழைய கம்ப்யூட்டரிலும் இலகுவாக ஓடும். வேவ்ஃபார்ம் ஃப்ரீயும் இருக்கிறது. ஆடாசிட்டி பதிவை வெட்டி ஒட்ட நல்லது, மிடி கீபோர்டு (கம்ப்யூட்டருக்குள் உள்ள கருவி ஒலிகளை வாசிக்கும் கட்டைப்பலகை) வைத்துத் தாளமும் தந்திகளும் சேர்க்க நினைப்பவருக்கு உதவாது. மிடி கீபோர்டு வாங்கினால் 49 கட்டை. 25இல் இரண்டு கையால் கார்டும் பேஸும் வாசிக்க முடியாது. மிடியின் ஒலி கம்ப்யூட்டருக்குள் உருவாவதால் டைரக்ட் மானிட்டர் அங்கே கைகொடுக்காது, பஃபரைத்தான் இறக்க வேண்டும்.

பழைய சாமான் வாங்கினால் மைக்கும் ஹெட்ஃபோனும் பெரும்பாலும் பயமில்லை. போலி எஸ்எம்58 ஏராளம். உண்மையானது 298 கிராம், எடைபோட்டுப் பாருங்கள், போலி பெரும்பாலும் இலேசாக இருக்கும். கண்டென்சரைப் பழையதாக வாங்காதீர்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியாது. இன்டர்ஃபேஸில் உங்கள் கம்ப்யூட்டரின் இப்போதைய ஓஎஸ்ஸுக்கு டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளர் பக்கத்தில் பார்த்துவிட்டே பேரம் பேசுங்கள். ஃபயர்வயர் (வழக்கொழிந்த பழைய இணைப்பு வகை) பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

எல்லாம் வந்த பிறகு முதல் பதிவு இப்படி இருக்கட்டும். கிட்டாரைத் தனியாக முதலில் எடுங்கள். மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். ஒலித்துளைக்கு நேராக வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். துளைக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கம் முழங்குவதால் எல்லாக் கார்டும் பூதமாகக் கேட்கும். மைக்கை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே ஒலி மாறுவதை ஹெட்ஃபோனில் கேட்கலாம். பிளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) தேடுவதற்கு முன் அந்த இரண்டு விரற்கடையைத் தேடுங்கள்.

குரலுக்கு மைக்கிலிருந்து பாப் ஃபில்டர் 5 முதல் 8 சென்டிமீட்டர், ஃபில்டரிலிருந்து வாய் இன்னொரு 8. மைக் வாய்க்கு நேராக இல்லாமல் மூக்கு உயரத்தில் இருந்து வாயை நோக்கிச் சாய்ந்திருந்தால் "ப", "ப்ப" வெடிக்காது. ஒரு விஷயம்: கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்க அடிச்சுரம் கூடும். சரணத்தில் நெருங்கி, பல்லவியில் விலகிப் பாடினால் ஒரே குரல் இரண்டு ஆள்போல் ஆகும். உடலை அசைத்துப் பாடுபவர் 15ஐ விட்டு 20 சென்டிமீட்டருக்குப் போகலாம்.

கெயினை வைக்கும்போது பாட்டின் உச்சமான இடத்தைப் பாடிக்கொண்டே குமிழைத் திருப்புங்கள். மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் நிறுத்துங்கள். சோதனையில் பாடுவதைவிடப் பதிவில் எல்லோரும் உரக்கவே பாடுகிறார்கள், அந்த 12 அதற்கான இடம். 24 பிட்டில் குறைவாகப் பதிவானதைப் பிற்பாடு தூக்கிக்கொள்ளலாம். சிவப்பைத் தொட்டு உடைந்ததை யாராலும் மீட்க முடியாது.

பாடிக்கொண்டே வாசித்தால்தான் பாட்டு வரும் என்பவர்களும் உண்டு. ஒரே மைக்கை மார்பு உயரத்தில், 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, உயர்த்தியும் தாழ்த்தியும் குரலையும் கிட்டாரையும் சமன்செய்து எடுக்கலாம். அறை நன்றாக இருந்தால் இது அழகாகவே வரும். இரண்டு மைக் வைத்தால் குரல் இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும், கூட்டும்போது மெலியும். ஒரு டிராக்கின் போலாரிட்டியை (ஒலியலையின் மேல்-கீழ் திசையை) மாற்றிப் பார்த்து, எந்த நிலையில் அடிச்சுரம் நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அடிக்கடி வரும் மூன்று கோளாறுகள். "ம்ம்ம்" என்று 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் எர்த் சுற்றுதான் (எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்துவிடுவது) காரணம், பேட்டரியில் பதிவுசெய்யுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் மட்டும் முனகினால் திரையிலிருந்து தள்ளி, உடலைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்து பாருங்கள், ஒரு கோணத்தில் அடங்கும். யாரோ அனுப்பிய டிராக் கீழிறங்கி மெதுவாகவோ, மேலேறி வேகமாகவோ ஒலித்தால் ஃபைல் ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவில், ப்ராஜெக்ட் இன்னொன்றில் இருக்கிறது; 44.1க்கும் 48க்கும் இடையே சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் நகரும். அதன்மேல் பாடி முடித்த பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் திரும்பப் பாட வேண்டும், ஆகவே பதிவு பட்டனைத் தொடுவதற்கு முன்பே ப்ராஜெக்ட், டிரைவர் இரண்டிலும் 48,000 என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்றாவது, கண்டென்சரில் ஒலியே வராதது. 48 வோல்ட் பட்டனை அழுத்த மறந்திருப்பீர்கள். எக்ஸ்எல்ஆரில் செருகிய சாதாரண டைனமிக் மைக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. பழைய ரிப்பன் மைக் (மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிக்கும் வகை) மாட்டியிருந்தால் மட்டும் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள், எந்த மைக்கானாலும் கேபிளைப் பிடுங்குவதற்கு முன் அதை அணைத்துச் சில வினாடி பொறுங்கள்.